பயமின்மைத் தேர்வு

ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்ந்தால் மூன்று வருடம் உள்ளே தள்ளலாம் என்கிற சட்டம் எங்கள் நாட்டில் வெகுகாலமாக இருக்கிறது. போலீசுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது எங்களில் யாரையாவது பிடித்துக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருப்போம். இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று வெளிநாட்டுக் குழு ஒன்று அமைச்சகத்துக்கு ஒரு கேள்வி அனுப்பியது: இந்தச் சட்டத்தால் சம்பந்தப்பட்டவர்களின் மனநிலை எப்படிப் பாதிக்கப்பட்டிருக்கிறது? நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். எங்கள் தலையில் இடி விழுவதெல்லாம் நல்ல எண்ணக்காரர்களால்தான்.

அப்படிப்பட்டவர்களே இங்கே கிடையாது என்று அமைச்சர் தொலைக்காட்சியில் சொன்னார். ஆனால் கேள்வியோடு கொஞ்சம் நிதியும் வந்திருந்தது. திருப்பி அனுப்ப மனம் வருமா? இல்லாதவர்களின் மனநிலையை அளப்பதற்காகத் தலைநகர் துனிஸின் நடுவில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். பெயர், உளவிளைவு மதிப்பீட்டு இயக்ககம். இயக்குநர் டாக்டர் பூராவி. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிவிட்டு அவர் பேசினார்:

"இந்தச் சட்டம் யாரையும் வருத்தப்பட வைக்க வந்தது இல்லை. வருத்தப்படுறது யாருன்னு கண்டுபிடிக்க வந்தது."

கைதட்டல் பிரமாதம். சட்டத்தால் மனம் நொந்தவர்கள் தயங்காமல் நேரில் வந்து சொல்லலாம், அடையாள அட்டை அவசியம், பொதுமக்களின் வசதிக்காகக் கீழ்த்தளத்திலேயே போலீஸ் பிரிவும் இயங்குகிறது என்று வாசலில் பெரிய பலகை வைத்தார்கள். ஓர் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. வரவேற்பில் உட்கார்ந்திருந்த மொங்கியா அம்மாள் தன் பேரப்பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி முடித்துவிட்டு அடுத்ததை ஆரம்பித்தார். 'ஒருவரும் வரவில்லை, ஆகவே ஒருவரும் நோகவில்லை' என்று பூராவி முதல் அறிக்கை அனுப்பினார். வெளிநாட்டுக்காரர்கள் விடவில்லை. நாலு பேரையாவது நேரில் பார்த்துக் கேளுங்கள் என்று எழுதிவிட்டார்கள். உடனே, முப்பத்தைந்து தாண்டியும் கல்யாணம் ஆகாத ஆண்களுக்கு வீடு தேடி அழைப்பாணை வர ஆரம்பித்தது.

எங்கள் துறைமுக ஊரான லா கூலெத்தில் முதல் அழைப்பாணை ஷெத்லிக்கு வந்தது.

ஷெத்லி பல்செட் செய்பவன். எங்கள் துறைமுகத்துக் கிழவர்களில் பாதிப் பேர் அவன் செய்த பல்லால்தான் மீன் தின்கிறார்கள். அவனோடு பதினோரு வருடமாக வாழ்கிறவன் ஸுஹைர், துறைமுகத்து மீன் கடையில் சமையல்காரன். வாய் ஓயாதவன், சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். ஊருக்கு அவன் ஷெத்லி வீட்டு மாடியில் குடியிருக்கும் வாடகைக்காரன். அந்த மாடி அறையில் அவன் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. வேலைக்காரி வருவதற்கு முன்னால் ஷெத்லி மாடிக்குப் போய்ப் படுக்கையைக் கசக்கிவிட்டு வருவான். இரண்டு பேரும் பேசவேண்டுமென்றால் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார்கள். தெருவில் ஸுஹைர் முன்னால் போவான், ஷெத்லி பத்தடி தள்ளிப் பின்னால் போவான். ஷெத்லியின் போனில் ஸுஹைரின் பெயர் 'குழாய் ரிப்பேர்' என்று இருக்கும்.

எனக்கும் இதெல்லாம் புதிதில்லை. ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் எனக்கு நிச்சயம் செய்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவள் இன்னும் பிறக்கவே இல்லை என்பதுதான் தெரியாது. நான் சாகடித்த அவள் தாய்மாமன்களுக்குக் கணக்கே கிடையாது. ஒவ்வொரு சாவுக்கும் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

அழைப்பாணையில், 'உம்மைத் தெரிந்த, ஆனால் மிக நன்றாகத் தெரியாத ஓர் ஆணைச் சாட்சியாக அழைத்து வரவும்' என்று போட்டிருந்தது. ரேடியோவை வைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"ஃபெத்தி, நீயே போ" என்றான் ஸுஹைர். "உனக்குத்தான் ஒண்ணுமே நல்லாத் தெரியாது."

"வாயை மூடுடா" என்றேன்.

"டேய் ஷெத்லி, நிஜமாவே கேக்கறாங்கன்னு வை. மனசு எப்படி இருக்குன்னு. என்ன சொல்லுவ?"

ஷெத்லி யோசித்தான். ஒரு பல்லைச் செதுக்கும்போது யோசிப்பானே, அவ்வளவு நேரம் யோசித்தான். "நல்லாத்தானே இருக்கோம்" என்றான். "நமக்கு என்ன குறை?"

அவன் பொய் சொல்லவில்லை. நான் எழுந்து ரேடியோவை இன்னும் சத்தமாக வைத்தேன்.

பூராவியின் அறையில் குளிர் சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. ஷெத்லிக்கு அப்படியும் வியர்த்தது.

"இந்தச் சட்டத்தால உங்களுக்கு ஏதாவது மனக்கஷ்டம் உண்டா?" என்றார் பூராவி, ரொம்பக் கனிவாக.

"இல்லைங்க ஐயா."

"ஏன் இல்லை?"

"அந்தச் சட்டம் எனக்கு இல்லையே ஐயா."

"சரி. அப்புறம் ஏன் வேர்க்குது?"

"வெயில்ல வந்தேன் ஐயா."

"இவரும்தானே வெயில்ல வந்தார்?" என்று என்னைக் காட்டினார். என் சட்டையும் முதுகோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நல்ல வேளை, நான் நாற்காலியில் சாய்ந்திருந்தேன்.

பூராவி எழுந்து நின்றார். வகுப்பெடுப்பது அவருக்குப் பிடிக்கும். "உலகத்துல எல்லாரும் ஒரு தப்புப் பண்றாங்க. சட்டம் வந்ததால பயம் வந்ததுன்னு நினைக்கிறாங்க. நான் அதைத் திருப்பிப் போட்டேன். நிரபராதிக்குப் பயம் எதுக்கு? பயம் இருந்தா குற்றம் இருக்கு. குற்றம் இருந்தா சட்டம் வேணும். ஆக, இந்தப் பயம் சட்டத்தோட விளைவு இல்லை, சட்டத்துக்குக் காரணமே அதுதான்! வெளிநாட்டுல இதை யாரும் யோசிக்கலை. எப்படி?"

"ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா" என்றான் ஷெத்லி.

அவனைக் 'கண்காணிப்பில்' வைத்துவிட்டு, மறுபடி கூப்பிடுவோம் என்று அனுப்பினார்கள்.

அந்தக் கோடையில்தான் மல்லிகைக் கூத்து நடந்தது. சாயங்காலமானால் எங்கள் ஊர் ஆண்கள் ஒரு மல்லிகைச் செண்டை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு காபிக்கடைக்கு வருவார்கள். கசாப்புக்காரனும் செருகுவான், போலீஸ்காரனும் செருகுவான். இடது காது என்றால் கல்யாணமாகாதவன், வலது காது என்றால் ஆனவன். எங்களைப் போன்றவர்கள் மட்டும் பூவைத் தொடுவதில்லை. எவன் என்ன நினைப்பானோ என்று எப்போதோ விட்டுவிட்டோம். இதைப் பூராவி எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். 'மல்லிகைக்குப் பயப்படுகிற ஆண் யார்?' என்று ஒரு சுற்றறிக்கை. பூ வைக்காதவர்களின் பெயரைக் காபிக்கடைக்காரர்கள் தெரிவிக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் லா கூலெத்தில் எங்கள் ஆட்கள் அத்தனை பேர் காதிலும் மல்லிகை. ஸுஹைர் இரண்டு காதிலும் செருகிக்கொண்டு வந்து நின்றான்.

"ஏண்டா, பாதிக் கல்யாணமா?" என்றேன்.

"வர்ற மாப்பிள்ளை எந்தப் பக்கம் உக்காருவானோ, யாருக்குத் தெரியும்!"

ஷெத்லி சிரிக்கவில்லை. எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டான்.

பூ விற்பனை திடீரென்று ஏறியது இயக்ககத்தின் கண்ணில் பட்டது. ஆஹா, ஒளிந்திருந்தவர்கள் பூவுக்குப் பின்னால் வந்து ஒளிகிறார்கள் என்று இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. இந்தத் தடவை பூ வைத்தவர்களைப் பிடித்தார்கள். முதலில் மாட்டியது கசாப்புக் கடைக் கெமைஸ். தோளில் முழு ஆட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆள், பூராவி முன்னால் குழந்தை மாதிரி அழுதானாம்.

"ஐயா, எனக்கு ஆறு பிள்ளைங்க!"

"ஆறா?" என்று பூராவி பேனாவை எடுத்தாராம். "மறைக்கிறதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கியே அப்பா!"

அதற்குப் பிறகு ஊரில் ஒருவன் காதிலும் பூ இல்லை. பூக்காரர்கள் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நின்றது. சந்தித்தால் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிடுவது எங்கள் ஊர் வழக்கம். அது நின்றது. கூடப் பிறந்த அண்ணன் தம்பிகள் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு அம்மாவின் உடம்பு எப்படி என்று கத்தினார்கள். கெமைஸின் தகப்பனார் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு நகரமே எங்களைப் போல வாழப் பழகிக்கொண்டது. எனக்கு ஒரு அற்பத் திருப்தி இருந்தது, மறைப்பானேன்? படுங்களடா கொஞ்சம் என்று தோன்றியது.

பூராவிக்குத் தலைகால் புரியவில்லை. பயம் நாடு முழுக்கப் பரவியிருப்பதாக அறிக்கை எழுதினார். இயக்ககத்துக்கு இன்னொரு மாடி கட்ட அனுமதி வந்தது. கூடவே ஒரு கருவியும் வந்தது. விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால் நாடித் துடிப்பின் வேகத்தைத் திரையில் கோடாக வரையும். வேதனையை அளப்பதற்கென்று வெளிநாட்டுக் குழு அன்போடு அனுப்பியிருந்தது. பூராவி அதை வைத்துப் பயமின்மைத் தேர்வு நடத்தினார். கோடு அசையாமல் இருந்தால் சான்றிதழ், நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். எகிறினால் கீழ்த்தளம்.

ஷெத்லிக்கு மறு அழைப்பு வந்தது. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் பயிற்சி ஆரம்பித்தது. ஷெத்லி மணிக்கட்டை நீட்டுவான். ஸுஹைர் நாடியைப் பிடித்துக்கொண்டு, திடீரென்று காதருகே "போலீஸ்!" என்று கத்துவான். முதல் நாள் ஷெத்லி நாற்காலியோடு கீழே விழுந்தான். அடுத்த வாரம் திடுக்கிட்டான். அப்புறம் கண் இமை துடிப்பதோடு நின்றது. சட்டியைக் கீழே போட்டார்கள், கதவை உதைத்தார்கள், நானே வெளியே போய் ஷெத்லியின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மாதக் கடைசியில் அவன் கை பிண்டம் மாதிரி கிடந்தது.

"பிரமாதம்டா!" என்றான் ஸுஹைர். "இப்பக் கடைசிக் கேள்வி. ஸுஹைர்னு ஒருத்தன் இருக்கானே, அவன் உனக்கு யாரு?"

"மாடியில வாடகைக்கு இருக்கார்."

"நாடி அசையலை!" ஸுஹைர் சிரித்தான். பிறகு கையை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனான். "அசையவே இல்லைப்பா" என்று உள்ளே இருந்து இன்னொரு தடவை சொன்னான்.

தேர்வு நாளன்று நான் மறுபடி சாட்சியாகப் போனேன். உள்ளே நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஸுஹைர் அங்கே உட்கார்ந்திருந்தான். கடையிலிருந்து அப்படியே கூட்டி வந்திருந்தார்கள், சமையல் ஏப்ரன்கூட அவிழ்க்கவில்லை. ஷெத்லியின் விரலில் ஒரு கிளிப், ஸுஹைரின் விரலில் ஒரு கிளிப். திரையில் இரண்டு கோடுகள்.

"பதட்டப்படாதீங்க" என்றார் பூராவி. "ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் வேணும். வீட்டுல வாடகைக்காரர் இருக்கார்னு தெரிஞ்சுது, கூப்பிட்டுக்கிட்டோம். அறிவியல்ல இது சகஜம்." பிறகு ஷெத்லியின் பக்கம் திரும்பினார். "இவர் யாரு?"

"மாடியில வாடகைக்கு இருக்கார் ஐயா."

இரண்டு கோடும் அசையவில்லை. பயிற்சி கொடுத்தவனே ஸுஹைர்தானே.

"ரொம்ப நாள் பழக்கமா?"

"பார்த்தா சலாம் சொல்லுவேன். அவ்வளவுதான்."

அசையவில்லை. பூராவி சலித்துப்போய்த் தாடையைத் தடவினார். எழுந்து போகப் போகிறார், முடிந்துவிட்டது, தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் சும்மா, பொழுது போகாமல் கேட்பதுபோலக் கேட்டார்:

"நாளைக்கே இவர் செத்துப்போயிட்டார்னு வைங்க. என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் பயிற்சி எடுக்கவில்லை. இப்படி ஒன்று வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் ஷெத்லி தயங்கவேயில்லை.

"வேற ஆளைப் பார்ப்பேன் ஐயா. ரூமைச் சும்மா போட்டு வைக்க முடியாதில்ல."

அவன் கோடு மேசை விளிம்பு மாதிரி நேராகக் கிடந்தது. ஸுஹைரின் கோடு எகிறிற்று. மேலே போய்த் திரையை விட்டே வெளியே போய்விட்டது. கருவி கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"பயம்!" பூராவி துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா, பாத்தீங்களா! இதுதான் பயம்!"

நான் ஸுஹைரின் முகத்தைப் பார்த்தேன். அது பயம் இல்லை. முன்பொரு தடவை போலீஸ் பிடித்து அடித்தபோதுகூட அந்த முகத்தில் நக்கல் இருந்தது, எனக்குத் தெரியும். அன்று அவன் ஷெத்லியைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. ஷெத்லி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு காவலர்கள் வந்து ஸுஹைரைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கிளிப்பைக் கழற்ற மறந்துவிட்டார்கள். ஒயர் இழுபட்டதும் மொங்கியா அம்மாள் ஓடிவந்து, "அரசாங்கச் சொத்து, பார்த்து!" என்று கத்தினார்.

நாடித் துடிப்பே போதுமான சாட்சி என்று நீதிபதி சொன்னார். இரண்டு வருடம்.

ஷெத்லிக்குச் சான்றிதழ் கிடைத்தது. நாட்டிலேயே முதல் ஆள். வெளிநாட்டுக் குழு நேரில் வந்தபோது ஒரு பெரிய ஹோட்டலில் மாநாடு வைத்து, அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டு மேடையில் ஏற்றினார்கள்.

"இவர் பிரம்மச்சாரி" என்றார் பூராவி. "பிறந்ததிலிருந்து இந்தச் சட்டத்தோட நிழல்லயே வாழ்ந்தவர். இவரை நாங்க எவ்வளவோ சோதிச்சோம். பாதிப்பு, பூஜ்யம்! இப்படி ஒரு குடிமகனை இந்தச் சட்டம்தான் உண்டாக்கியிருக்கு. வேற எந்த நாட்டுச் சட்டத்துக்காவது இந்தச் சாமர்த்தியம் உண்டா?"

குழுவிலிருந்த ஒரு பெண்மணி, பாவம், நல்ல மாதிரி. கொஞ்சம் முன்னால் குனிந்து, "ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?" என்று கேட்டாள்.

"நல்லாத் தூங்கறேன் அம்மா."

அவன் தூங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. எனக்கு எழுந்து கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. நானும் லா கூலெத்துக்காரன்தானே, கல்யாணமாகாதவன்தானே. எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன். ஆய்வு முறை மிகவும் நேர்த்தியாக இருப்பதாகக் குழுவினர் பாராட்டிவிட்டு ஊருக்குப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஷெத்லி, "வியாழக்கிழமை கூடை நாள்" என்றான்.

எங்கள் நாட்டுச் சிறையில் வீட்டுச் சாப்பாட்டைத்தான் கைதிகள் நம்பியிருப்பார்கள். கூடை நாளன்று சொந்தக்காரர்கள் வாசலில் சாப்பாட்டைக் கொடுப்பார்கள். உள்ளே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் வந்தால் வெளியே தனக்கென்று யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸுஹைரின் அம்மா காலமாகிவிட்டார். அக்காவோ, எனக்குத் தம்பியே கிடையாது என்று சொல்லிவிட்டாள். ஆகவே அதுவரை ஒரு கூடைகூட அவனுக்குப் போகவில்லை.

வாழ்க்கையில் அடுப்பைத் தொடாத ஷெத்லி புதன்கிழமை முழுக்கச் சமைத்தான். கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்து, மீன் போட்டுக் கூஸ்கூஸ். முதல் தடவை தீய்ந்தது, கொட்டிவிட்டு மறுபடி செய்தான். முள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான். "அவன் அவசரமாச் சாப்பிடுவான், தொண்டையில மாட்டும்" என்றான். ரேடியோ போடாமல் அவன் அப்படிப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

சிறை வாசலில் அம்மாக்களும் மனைவிகளுமாக நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தது. காவலர் வயதானவர், கெட்ட மனிதர் இல்லை.

"யாருக்கு?"

"ஸுஹைருக்கு" என்று நான்தான் சொன்னேன்.

"உறவு?"

ஷெத்லியைப் பார்த்தேன். அவன் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, உங்களைத்தான். அவருக்கு நீங்க என்ன வேணும்?"

ஷெத்லி கூடையின் மேல் துணியைச் சரிசெய்தான்.

காவலர் குரலைத் தாழ்த்தினார். "சித்தப்பா பையன்னு சொல்லுங்க, போதும். நான் என்ன விசாரிக்கவா போறேன்? இந்த வரிசையில பாதிப் பேர் சித்தப்பா பையன்தான்."

"சொல்லுடா" என்றேன். "டேய், சொல்லித் தொலைடா!"

பின்னால் நின்ற பெண்மணி அவன் தோளைத் தொட்டாள். "சொல்லு மகனே. சோறு ஆறிப்போகுது."

ஷெத்லி காவலரை நேராகப் பார்த்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"எனக்கு அவரைத் தெரியாது" என்றான்.

காவலர் அவனையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இந்தச் சாப்பாடு?"

"தெரியாது."

பின்னால் இருந்தவர்கள் தள்ள ஆரம்பித்தார்கள். காவலர் கையை அசைத்து எங்களை ஒதுங்கச் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் பெயர்களைப் படிக்க ஆரம்பித்திருந்தார்கள், தெருவரைக்கும் கேட்டது. ஷெத்லி வெயிலில் நின்று கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். ஸுஹைரின் பெயர் வரவில்லை.